எங்கூட்டு மரம் என்ன குடிச்சுது

சித்தெ தள்ளி உக்காருங்க அம்மணி. பை இருக்கட்டும், நான் மடியில வெச்சுக்கறேன். கண்ணாலச் சீலைங்க, கீழ வெச்சா கசங்கிப் போயிரும். நீங்க கோயமுத்தூருக்குங்களா போறீங்க? நாங்களும் அங்கதானுங்க. என்ற தம்பி மகளுக்கு நாளைக்கு முகூர்த்தம். சும்மா நடக்கற கண்ணாலமின்னு நெனச்சுக்காதீங்க. கோர்ட்டுல ஜட்ஜையா தீர்ப்புச் சொன்னதுக்கப்பறம் நடக்கற கண்ணாலமுங்க இது.

அதா, டிரைவருக்குப் பின்னால பச்சைத் துண்டு போட்டுட்டு ஒருத்தரு உக்காந்திருக்கறாரு பாருங்க. அவருதான் எங்கூட்டுக்காரரு. பேரு சென்னியப்பனுங்க. இன்னைக்கு பஸ்ஸுல கூட்டமா இருக்கங்காட்டி அவரு அங்க, நான் இங்க. இல்லீன்னா என்ற பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு உக்காருவாரு. முந்தியெல்லாம் அப்பிடி இல்லீங்க. முந்தி அவரு பாட்டுக்கு ஏறிப்போயி ஜன்னலோரம் உக்காந்துக்குவாரு, நான் எங்க நிக்கறேன்னுகூடத் திரும்பிப் பாக்கமாட்டாரு. இந்தக் கேசு முடிஞ்சதுல இருந்துதான் இந்தப் பாசம். பஸ்ஸுல ஏறுனா என்னைய உட்டு நகர மாட்டீங்கறாரு. வயசாக வயசாகப் பாசம் எச்சாகுதாட்ட இருக்குது.

பாருங்க, திரும்பிப் பாக்கறாரு. பாக்கட்டும், பாக்கட்டும்.

எங்க ஊரு ஈச்சம்பள்ளமுங்க. சத்தியமங்கலத்துக்கு மேக்க, மலையடிவாரம். தோட்டத்துக்குள்ள ஒத்தை வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால ஒரு சந்தன மரம் இருந்துதுங்க. ஆரும் வெக்கல. ஏதோ குருவி போட்ட வெதை, அதும்பாட்டுக்கு மொளைச்சு, அதும்பாட்டுக்கு வளந்துது. நம்ம நெலத்துல இருந்தாலும் சந்தன மரத்தை நாம வெட்ட முடியாதுங்க, பாரஸ்ட்டுல உத்தரவு வாங்கோணும். அதுனால அதை ஆரும் தொடறதில்ல. எங்கூட்டுக்காரரு ஒருத்தரைத் தவிர.

அதை எப்பிடிச் சொல்றது. நீங்க படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க, தப்பா நெனைக்க மாட்டீங்க. வீட்டுக்குள்ள கக்கூஸு கட்டுனது நாந்தானுங்க. நான் சண்டை போட்டு, பட்டினி கெடந்து கட்டுனேன். செவுத்துக்கு டைல்ஸ், அதுல ரோசாப்பூவுப் படம், வெளிச்சத்துக்குக் கண்ணாடி. அதுக்கு முந்தியெல்லாம் எல்லாருக்கும் வேலிக்கு நடுவால போற இட்டேரிப் பக்கம் புதருதான். கட்டி முடிச்சு, குத்துவெளக்கு வெக்காத கொறையாத் தொறந்தா, இந்த மனுசன் சொல்றாரு, "சோறு திங்கற வீட்டுக்குள்ளயா?"ன்னு.

பெரிசுக்கு வேற வழியில்லாம உள்ள போயிருவாரு. சின்னதுக்கு மட்டும் அந்த மரந்தான். இட்டேரிக்கு இனிப் போகக்கூடாதுன்னு நான் சொல்லிப்போட்டேன், அதுக்கு அவரு கண்டுபுடிச்ச வழி அது. வெடியால எந்திரிச்சா மரம். பொழுதுழுந்தா மரம். சோத்தைத் தின்னு கையக் கழுவுனா மரம். மழை பேஞ்சா, கேளுங்க அம்மணி, கொடையப் புடிச்சுட்டுப் போவாருங்க! ரோசாப்பூப் போட்ட ரூமு காஞ்சு கெடக்குது, இவரு கொடைக்கடியில நின்னு மரத்துக்குத் தண்ணி உடறாரு. நான் சொல்லாத பேச்சில்ல. கேட்டா, "அதுக்குந்தான் வேணுமல்ல"ன்னுவாரு.

ஆனா மரம் வளந்துதுங்க! பொய் சொல்லக்கூடாது. அப்பிடி ஒரு வளத்தி. எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆரு கேட்டாலும் சொல்லுவேன். ஒருக்கா இப்பிடித்தான், புளியம்பட்டி பஸ்ஸுல ஒரு மனுசன். எனக்கு ஜன்னலோரத்தை உட்டுக் குடுத்தாரு. பஸ்ஸு குலுக்கலுக்கு எனக்குக் கொமட்டுமுங்க, அதைப் பாத்துட்டு சேப்புல இருந்து ஒரு கிராம்பெடுத்துக் குடுத்து, "வாயில ஒதுக்கிக்கங்கக்கா, நின்னு போயிரும்"ன்னாரு. அவரும் ஓயாம கிராம்பு மென்னுட்டே இருந்தாரு, ஆளே மணந்துது. நல்ல மனுசன். மரத்தைப் பத்திச் சொன்னா எவ்வளவு ஆர்வமாக் கேட்டாருங்கறீங்க! எவ்வளவு தண்டி, எந்தப் பக்கம், ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியுமான்னு எல்லாம் கேட்டாரு. தனி வீடாச்சேக்கா, நாயி கீயி இருக்குதுங்களான்னு அக்கறையா வேற கேட்டாரு. நாயி இல்லீங்க, இவருக்கு நாயின்னா ஆகாது, வர்ற வெள்ளிக்கெழமை பழனிக்குப் போறம், பூட்டிப்போட்டுத்தான் போகோணும்னு எல்லாத்தையும் சொன்னேன். இந்தக் காலத்துல பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவகிட்ட அந்த மாதிரிப் பேசறதுக்கு ஆரு இருக்கறா? எல்லாரும் போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. உங்களைச் சொல்லலீங்க.

இருங்க, எங்கயோ போயிட்டேன். என்ற தம்பி ரங்கராசு. தென்னை, வேம்பு எதுன்னாலும் கூலிக்கு அறுத்துக் குடுப்பான், மிஷினு வெச்சிருக்கறான். எங்க பொறந்த வழியில எல்லாருக்கும் வாயி கொஞ்சம் நீளமுங்க. நாந்தான் அடக்கம். அந்தப் பழனிக்குப் போறதுக்கு முந்தி, என்ற பேத்திக்குக் காது குத்துனோம். பந்தல் நெறைய சொந்தக்காரங்க, ஒறம்பரை. சம்பந்தி வீட்டாளுக எல்லாம் பட்டு வேட்டி கட்டிட்டு முன்னால உக்காந்திருக்கறாங்க. எங்கூட்டுக்காரரும் புது வேட்டிதான். சாப்புட்டு எந்திரிச்சவரு, நைசா பொறத்தால நகர்றாரு.

பாத்துட்டானுங்க ரங்கராசு. பந்தலுக்கே கேக்கற மாதிரி, "மச்சான்! எங்க போறீங்க, மரத்துக்கு விருந்து வெக்கவா? ஒரு நாளைக்குப் பாருங்க, மிஷினைக் கொண்டாந்து அந்த மரத்தை வேரோட எடுத்துட்டுப் போயிர்றேன். அப்பறம் எங்க போறீங்கன்னு பாத்துர்றேன்!"ன்னு கத்துனான்.

பந்தலே சிரிச்சுது. சம்பந்தியம்மா வாயில இருந்த வெத்தலை தெறிச்சுப் போச்சு. நானும் சிரிச்சேன், சும்மா சொல்லக்கூடாது. இவரு அப்பிடியே நின்னாரு. மொகம் செத்துப்போச்சு. திரும்பி வந்து சேர்ல உக்காந்தவரு, ஒறம்பரை போற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அடக்கிட்டு உக்காந்திருந்திருக்கறாரு, பாவம்.

வெள்ளிக்கெழமை பழனிக்குப் போனோம். சாமி கும்புட்டு மறு நாளு வந்து பாத்தா, மரத்தைக் காணோமுங்க. மரமிருந்த எடத்துல ஆளு உக்கார்ற ஆழத்துக்குக் குழி. சந்தனத்துக்கு வேருலதான் வாசமும் வெலையும் எச்சாமா, அதுனால வேரைக்கூட உடாம தோண்டிட்டுப் போயிட்டானுக. ஒரு குச்சி இல்ல, ஒரு தழை இல்ல. கூட்டிப் பெருக்குனாப்பல. நான் குழிகிட்ட உக்காந்து அழுதுட்டேன். என்னதான் திட்டுனாலும் நம்மூட்டு மரமல்லங்க.

இவரு அழுகல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு, நேரா ஸ்டேஷனுக்குப் போனாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "ஆரு மேல சந்தேகம்?"னு கேட்டிருக்கறாங்க. "என்ற மாப்ள ரங்கராசுதான். வேரோட எடுத்துட்டுப் போயிருவேன்னு ஊரைக் கூட்டி வெச்சுச் சொன்னான். மிஷினும் வெச்சிருக்கறான்"னு சொல்லிப்போட்டாரு.

பொழுதுழுகறதுக்குள்ள என்ற தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பந்தல்ல சிரிச்ச ஒறம்பரை ஒவ்வொருத்தரையும் கூப்புட்டுக் கேட்டா, ஆமாங்க, சொன்னாப்பலதானுங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வெளையாட்டுக்குச் சொன்னான்னு சேத்துச் சொல்ல ஒருத்தருக்கு வாய் வரல. சப்-ஜெயில்ல போட்டு, அப்பறம் ஜாமீன்ல உட்டாங்க. தெனமும் ஸ்டேஷன்ல கையெழுத்து. மிஷினைப் புடுங்கி வெச்சுட்டாங்க, பொழப்புப் போச்சு. அவன் மகளுக்குப் பரிசம் போட நாள் குறிச்சு வெச்சிருந்துது. மாப்ள வீட்டாளுக நல்ல மனுசங்கதான், ஆனாலும் பயப்படுவாங்கல்ல. "கேசு முடியட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள வெளிய வர்றதையே உட்டுருச்சு.

நான் இவருகிட்டக் கேட்டேன். "ஏனுங்க, ரங்கராசு எடுத்திருப்பான்னு நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாக்கலாம்." நெஞ்சத் தொடல. "அவந்தான சொன்னான்"ன்னாரு. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. ஆனா சோறு எறங்கலீங்க அவருக்கு. பழக்க தோசத்துல பொழுதுழுந்தா குழிகிட்டப் போயி நிப்பாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்துருவாரு. ரோசாப்பூ ரூமுக்கும் போகமாட்டாரு. எங்கதான் போனாரோ, எனக்கும் அவரைக் கேக்கற மனசு இல்ல.

இப்பிடி இருக்கைல, செக்போஸ்ட்டுல ஒரு வண்டியப் புடிச்சாங்க. வண்டி நெறைய சந்தனக் கட்டை. பொன்னுரங்கம்னு ஒரு மர வியாபாரியோடது. அந்தாளு அசரலீங்க. "இதெல்லாம் பாரஸ்ட்டு ஏலத்துல முறையா எடுத்தது, இதே மலையில வெளைஞ்ச மரந்தான்"னு சீட்டை நீட்டிட்டாரு. ஏலத்துல எடுத்த கட்டையும் அதுல இருந்துது, நெசந்தான். ஆனா அதுக்குள்ள எங்கூட்டுக் கட்டையும் கலந்திருக்குதான்னு ஆரு கண்டா? பட்டையச் சீவி, துண்டு துண்டா அறுத்துப்போட்டா எல்லா சந்தனக் கட்டையும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். அது எங்க மரந்தான்னு ஆச்சுன்னா, திருடன் பொன்னுரங்கம், என்ற தம்பிக்கு விடுதலை. எங்க மரமில்லீன்னா, பொன்னுரங்கம் வீட்டுக்குப் போயிருவாரு, என்ற தம்பி ஒருத்தன்தான் மாட்டிட்டு நிப்பான்.

அதைக் கண்டுபுடிக்கறதுக்குத்தான் லேபுல இருந்து ஒரு பொண்ணு வந்துது. சுகிர்தான்னு பேரு. தலைமுடியச் சுருட்டி அதுல ஒரு பேனாவைச் சொருகிட்டு இருந்துது. நெம்பப் படிச்ச புள்ள, ஆனா கர்வம் இல்ல. மோரு குடுத்தேன், ரெண்டு சொம்பு குடிச்சுது. என்ன பண்ணப்போறே கண்ணுன்னு கேட்டேன். ஐசோடோப்புன்னுச்சு. எனக்குப் புரியறாப்பல சொல்லுன்னேன். சொல்லுச்சுங்க. தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கற சரக்கு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கனமானது, கொஞ்சம் லேசானதுன்னு கலந்து இருக்குமாமா. ஒரே மூட்டை அரிசியில சிலது முத்துன மணியாவும் சிலது எளைச்ச மணியாவும் இருக்கறதில்லையா, அப்பிடி. எது எவ்வளவு கலந்திருக்குதுங்கறது எடத்துக்கு எடம் மாறுமாமா. மரம் எதைக் குடிச்சு வளந்துதோ அந்தக் கலப்பு அப்பிடியே கட்டையில நின்னுக்குமாமா. மரம் பொய் சொல்லாது பாட்டின்னுச்சு. பாட்டியாம்! எனக்கு என்ன அவ்வளவு வயசா தெரியுது?

அந்தப் புள்ள இவரைக் கேட்டுது. "ஐயா, மரத்துக்கு என்ன போட்டீங்க, என்ன ஊத்துனீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. மழைத் தண்ணிதான்."

"எரு, சாணி ஏதாவது?"

"கெடையாதுங்க."

"ஆடு, மாடு கட்டுவீங்களா?"

"எங்ககிட்ட ஆடுமில்ல மாடுமில்லீங்க."

நான் வாயத் தொறந்தேன். ஒரு மொறை மொறைச்சாரு பாருங்க, மூடிட்டேன். எனக்கு மட்டும் என்ன தெரியும், மூத்திரத்துக்கும் கேசுக்கும் சம்பந்தம் இருக்குமின்னு? பக்கத்துல நின்ன போலீஸுக்காரரு அவரு சொன்னதை அப்பிடியே எழுதிட்டாரு.

இதுல இன்னொரு கூத்து. மண்ணையும் எடுத்துப் பாப்பாங்கன்னு மொத நாளே ஆரோ இவருகிட்டச் சொல்லியிருக்கறாங்க. இந்த மனுசன் என்ன பண்ணுனாரு? டிராக்டரை வெச்சு கொளத்து வண்டலைக் கொண்டாந்து கொட்டி, குழிய மூடி, தண்ணி உட்டு மிதிச்சு, மட்டம் பண்ணிப்போட்டாரு! அந்தப் புள்ள வந்து பாத்துட்டுத் தலையில கை வெச்சுட்டு உக்காந்துருச்சு. "ஏனுங்கய்யா மூடுனீங்க?"ன்னு கேக்குது. "பேத்தி உழுந்துருமுன்னு மூடுனனுங்க"ங்கறாரு. பேத்தி ஈரோட்டுல இருக்குதுங்க அம்மணி!

கேசு கோர்ட்டுக்கு வந்துது. நானும் போனேன். ஒரு கூண்டுல என்ற தம்பியும் அந்தப் பொன்னுரங்கமும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. என்ற தம்பி எளைச்சுப்போயி, தாடி வளந்து, பாக்கவே முடியல. பொன்னுரங்கம் பளபளன்னு இருந்தாரு. என்னையத் தாண்டிப் போகைல ஒரு கிராம்பு வாசம் வந்துது. எங்கயோ பாத்த மொகமாட்ட இருந்துது, எங்கீன்னுதான் ஞாபகம் வரல. சிலருக்கு அப்பிடி ஒரு மொகம், எல்லாரையும் போல.

சுகிர்தாப் புள்ள ஏறிச் சொல்லுச்சு. "வண்டியில இருந்ததுல கொஞ்சங் கட்டை மட்டும் காட்டு மரமே இல்லைங்கய்யா. அதுல கனமான நைட்ரஜன் எக்கச்சக்கமா இருக்கு. காட்டுல அப்பிடி இருக்காது. யூரியா போட்டாலும் அப்பிடி வராது. சாணி, மூத்திரம் மாதிரி ஏதாவது வருசக்கணக்கா உழுந்தாத்தான் வரும். அதுல லேசான பங்கு நாத்தமாக் காத்துல போயிரும், கனமான பங்கு மண்ணுல தங்கிரும், வேரு அதை எடுத்துக்கும். இது வீட்டுக்கிட்ட, மனுசரோ மாடோ பொழங்கற எடத்துல வளந்த மரம்."

நாத்தமாப் போறது ஒரு பங்குதான்னு எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது.

பொன்னுரங்கத்தோட வக்கீல் எந்திரிச்சாரு. நல்லா ஒசரம், கணீர்னு குரல். "அப்ப இது சென்னியப்பன் வீட்டு மரம் இல்லையே! அவரே வாக்குமூலம் குடுத்திருக்காரு. எரு போடலை, மாடு இல்லை, மழைத் தண்ணி மட்டுந்தான்னு. அவரு மண்ணுலயும் இந்த அம்மா சொல்றது எதுவும் இல்லையே!"ன்னாரு. எங்கிருந்து இருக்கும்? அது கொளத்து மண்ணல்ல.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னா என்ற தம்பி வெளிய வந்துருவான். இவரைப் பாத்தேன். தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறாரு. தம்பியப் பாத்தேன். அவனுக்குத் தெரியாதா? பந்தல்ல நின்னு கத்துனவனே அவந்தான. சொல்லுடான்னு கையக் காட்டறேன். அவன் மெல்லத் தலைய ஆட்டறான், மாட்டேன்னு. அவனோட வக்கீலுகிட்டக்கூட அவன் சொல்லலையாமா. "ஒருக்கா ஊருக்கு முன்னால மச்சானைத் தலைகுனிய வெச்சதே போதும், மறுக்கா கோர்ட்டுலயும் வெக்கமாட்டேன்"னு நெனச்சிருக்கறான் கிறுக்கன். உள்ள போனாலும் போவானாமா, சொல்லமாட்டானாமா. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு ரெண்டு பேரையும் அங்கயே போட்டு மொத்தோணும் போல இருந்துது.

ஜட்ஜையா எதையோ எழுதப் போனாரு. அப்பத்தான் இவரு எந்திரிச்சாரு. "சாமி, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க."

சாட்சிக் கூண்டுல ஏத்துனாங்க. துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு. "நான் முன்னால சொன்னது பொய்யிங்க. மரத்துக்கு எருவு போச்சுங்க."

"என்ன எரு?"ன்னாரு ஜட்ஜையா.

இவரு வாயத் தொறக்கறாரு, மூடறாரு. "என்றதுதானுங்க"ன்னாரு.

"என்னது? சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணுக்குங்க சாமி. நாந்தானுங்க. தெனமும். வீட்டுல கக்கூஸு கட்டுன நாள்ல இருந்து."

கோர்ட்டு சிரிச்ச சிரிப்பு இருக்குதே! டைப் அடிக்கற அம்மா கையெடுத்துட்டாங்க. ஜட்ஜையா பைலைத் தூக்கி மொகத்துக்கு முன்னால புடிச்சுக்கிட்டாரு, பைலு குலுங்குது. எனக்குச் சிரிப்பு வரலீங்க. மழை பேஞ்சாக் கொடை புடிச்சுட்டுப் போற மனுசன், ஒரு சிரிப்புக்காக மச்சினனையே ஜெயிலுக்கு அனுப்புன மனுசன், அத்தனை பேரு சிரிப்புக்கு நடுவால மரமாட்ட நிக்கறாரு. காது மட்டும் செவந்து கெடக்குது.

வக்கீலு உடலீங்க. "இப்ப லேபம்மா சொன்னதைக் கேட்டுட்டு ஜோடிக்கறாருங்கய்யா! ஆரு வேணும்னாலும் இப்பிடிச் சொல்லலாமே!"ன்னாரு. அதுவும் நாயந்தான. மூத்திரத்துக்கு என்ன சாட்சி?

சுகிர்தாப் புள்ள எந்திரிச்சுது. "ஐயா, கட்டைக்குள்ள வட்டம் வட்டமா இருக்கும். உள்ள இருந்து பாதி தூரம் வரைக்கும் காட்டு மரம் மாதிரிதான் இருக்கு. அப்பறம் திடீர்னு நைட்ரஜன் ஏறுது. ஆனா ஏறுனது நடுவுல ஒரு எடத்துல எறங்கி, மறுபடியும் ஏறுது. அதைப் படமாப் போட்டு முன்னாலயே உங்ககிட்டக் குடுத்திருக்கேன். ஏன் எறங்குச்சுன்னு எனக்கே தெரியலை. இவரு சொல்றது நெசம்னா, எப்ப அந்த மரத்துக்கிட்டப் போகாம இருந்தாருன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கணும்"னுச்சு.

ஜட்ஜையா பைலைக் கீழ வெச்சாரு. "எப்பவாவது வீட்டுல இல்லாம இருந்தீங்களா?"

எனக்குத் தெரியுமே அந்த வருசம்! இவரு ஜட்ஜையாவைப் பாக்கலீங்க. பக்கத்துக் கூண்டைப் பாத்தாரு.

"இருந்தேனுங்க. ஆத்துல பெரிய தண்ணி வந்துதே, அதுக்கு அடுத்த வருசம். என்ற மாப்ள தென்னை மரத்துல இருந்து உழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டானுங்க. கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில கெடந்தான், அப்பறம் அவன் வீட்டுல கெடந்தான். புள்ள சின்னது. தூக்கி உக்கார வெக்க, தொடைச்சு உட, எடுத்துப்போட, ஆளில்லீங்க. நாந்தானுங்க இருந்தேன். ஒரு வருசத்துக்கு மேல. அவன் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் நான் வீட்டுக்கு வரலீங்க சாமி."

அந்தப் புள்ள படத்தைப் பாத்துது, விரல்ல எண்ணுச்சு. "சரியா இருக்குங்கய்யா. மரத்துல இருக்கறதும் அதேதான்"னுச்சு.

ஒருத்தரு சிரிக்கலீங்க இப்ப. என்ற தம்பி கூண்டுக் கம்பியப் புடிச்சுட்டு, "மச்சான், போதுமுங்க மச்சான், எறங்கி வாங்க"ன்னு சின்னப் புள்ளையாட்ட அழுகறான். இவரும் அழுகறாரு, ஆனா துண்டை எடுத்து மூக்கைச் சிந்தறாப்பல காட்டிக்கறாரு. ஆம்பளைங்கல்ல. அந்த மரத்துக்குள்ள என்னென்ன இருந்திருக்குது பாருங்க. இவரு எங்கூட்டுல நின்ன நாளும் இருந்துது, என்ற தம்பிக்குப் பீ மூத்திரம் எடுத்த நாளும் இருந்துது. நான் அந்த மரத்தைப் பாத்து எத்தனை நாளு மூக்கைப் பொத்தியிருக்கறேன்.

அப்பறமென்ன. பொன்னுரங்கம் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. என்ற தம்பிக்கு விடுதலை, மிஷினும் வந்துருச்சு. அவன் மகளுக்குப் பரிசமும் நடந்து, நாளைக்குக் கழுத்துல தாலி ஏறப்போகுது. தாரை வாக்கைல மச்சான்தான் பக்கத்துல நிக்கோணும்னு தம்பி ஒரே அடம். ஊர்ப் பசங்க மட்டும் இவரை "நைட்ரஜன் தாத்தா"ன்னு கூப்புடறானுக. இவரும் "என்னடா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. ரோசாப்பூ ரூமுக்கு இன்னமும் போறதில்லீங்க, அது வேற கதை.

ஒண்ணு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அந்தப் பொன்னுரங்கத்துக்கு எங்க மரம் எப்பிடிங்க தெரிஞ்சுது? ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியாது. நாங்க அன்னைக்கு வீட்டுல இல்லைங்கறது எப்பிடித் தெரிஞ்சுது? எவளோ எவனோ ஓட்டை வாய் உளறியிருக்கோணும். தீர்ப்பன்னைக்கு இன்ஸ்பெக்டரு இவரைத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்னமோ சொன்னாரு. வெளிய வந்தவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு, நெம்ப நேரம் பாத்தாரு. என்னங்க சொன்னாங்கன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, வா புள்ள, போலாம்"ன்னாரு. தம்பி மிஷினைத் திருப்பி வாங்கற விசயமா இருக்கும். ஒரு நாளு சோறு திங்கைல தம்பி ஆரம்பிச்சான், "அக்கா, அந்தப் பொன்னுரங்கம் பஸ்ஸுல..."ன்னு. இவரு, "ரங்கராசு, சோறு ஆறுது, தின்னு"ன்னு அடக்கிட்டாரு. இப்ப ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஒத்துமை. இவரு கண்ணைக் காட்டுனா அவன் வாயை மூடிக்கறான்.

இங்க கிட்ட வாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. இன்னொரு மரம் இருக்குதுங்க. ஆமாங்க, சந்தனந்தான்! கெணத்துக்கு வடபுறம், உண்ணிமுள்ளுப் புதருக்குள்ள. அதுவும் குருவி போட்டது. பாரஸ்ட்டுக்காரங்களுக்கே தெரியாது. போனதைய உட நல்ல தண்டி. இப்ப இவரு அங்கதான் போறாரு, அதுக்கும் நல்லா ஊறிட்டு இருக்குது. வீடா? வீட்டுல இப்ப ஆருமில்லீங்க, அதான் எல்லாரும் கண்ணாலத்துக்கு வந்துட்டோமே. நாளானைக்குப் பொழுதோடதான் திரும்புவோம். நாயி இன்னமும் வளக்கலீங்க.

அய்ய, இங்க பாருங்க இவரை. எந்திரிச்சே நின்னுட்டாரு. கம்பியப் புடிச்சுட்டு ஒரு கையால என்னமோ சாடை காட்டறாரு. மொகமே வெளுத்துப் போச்சு பாருங்க, வேர்த்து ஊத்துது. எனக்குத் தெரியாதா, இத்தனை வருசமா பாக்கறனல்ல. அவசரமுங்க அவருக்கு, வேற என்ன. சித்தெ இருங்க, சொல்லிப்போட்டு வந்துர்றேன்.

ஏனுங்க! ஏனுங்கோ! அன்னூர்ல பஸ்ஸு நிக்குமுங்க! அதுவரைக்கும் பொறுத்துட்டு உக்காருங்க!

பஸ்ஸே சிரிக்குது பாருங்க, பாவம். சரி, எங்க உட்டேன்? ஆ, கெணத்துக்கு வடபுறம்.